குடவரை

சோளக்காட்டு வியூ பாயிண்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு ஏறி வந்த மனுசனுக்கு, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். கீழே சேந்தமங்கலம் பக்கத்து வயல்கள், ஏரிகள், நீள நீளமான கோழிப்பண்ணைக் கூரைகள், அதற்கப்பால் புகைமூட்டமாகச் சமவெளி. போட்டோ எடுப்பார்கள். மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டுகளை வாங்கித் தின்பார்கள். அப்புறம் ஆகாய கங்கைக்கு வண்டியைத் திருப்பிவிடுவார்கள். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். மலையை எங்களுக்கு உள்ளேயிருந்துதான் தெரியும். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது என்ன உருவமாகத் தெரியும் என்று யாரும் எங்கள் வீட்டில் பேசிக் கேட்டதில்லை.

உருவம், தூரம், நிற்கிற இடம் என்று இதையெல்லாம் என் தலையில் ஏற்றிவிட்டவர் அப்பா. அவர் சிற்பக் கலைஞர் இல்லை. மிளகு விவசாயி. ஒற்றைக் கண்ணர்.

இருபத்திரண்டு வயதில் பலாக்கட்டை பிளக்கும்போது தெறித்த சிம்பு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. மலையிறங்கி வைத்தியத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடம் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி ஏறி மிளகு பறித்திருக்கிறார். ஒரு தடவையும் விழுந்ததில்லை. ஏணியில் அடுத்த படிக்குக் காலை எடுக்கும் முன்பும், கொத்துக்குக் கையை நீட்டும் முன்பும், அவர் தலை ஒருமுறை இடதுபக்கம் போகும், ஒருமுறை வலதுபக்கம் வரும். சேவல் நடக்கும்போது கழுத்தை வெட்டுமே, அந்த மாதிரி. ஏன் என்று பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு, ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியால் இரண்டு கண்ணிலும் விழுகிற படங்கள் கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை வைத்து மூளை ஆழத்தைக் கணக்குப் போடும். ஒற்றைக் கண்ணருக்கு அந்த இடைவெளி சும்மா கிடைக்காது. அவர் தலையை நகர்த்திச் சம்பாதிக்க வேண்டும். தலை நகரும்போது பக்கத்துக் கொடி சட்டென்று நகரும், பின்னால் இருக்கிற மரம் மெல்ல நகரும், எதிர்மலை நகரவே நகராது. அப்பாவுக்கு இந்த விளக்கத்தைச் சொன்னபோது, "நிக்கிறவனுக்குத் தாண்டா ரெண்டு கண்ணு வேணும். நடக்கிறவனுக்கு ஒண்ணு போதும்" என்று முடித்துவிட்டார்.

வியூ பாயிண்டில் இன்னொரு விசேஷம் உண்டு. அவ்வளவு தூரத்துப் பொருள்களைப் பார்க்கும்போது அந்த ஆறரை சென்டிமீட்டர் ஒன்றுக்கும் ஆகாது. இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே படம். அங்கே வந்து நிற்கிற அத்தனை பேரும் ஒற்றைக் கண்ணர்கள்தான்.

*

போன வருடம் அப்பாவின் வலது கண்ணுக்கும் சிக்கல் வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, க்ளாக்கோமா என்றார்கள். இந்த நோயில் பார்வை பெரும்பாலும் நடுவில் இருந்து போகாது. ஓரங்களில் இருந்து தின்றுகொண்டு வரும். போனது போனதுதான், சொட்டு மருந்து போட்டு இருப்பதைக் காப்பாற்றலாம். நான் சென்னையில் ஓர் அச்சகத்துக்குப் புத்தக வடிவமைப்பு வேலை செய்கிறேன் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை அங்கேயே வரவழைத்துக் காட்டுகிறோம். அங்கே ஒரு பரிசோதனை. வெள்ளையாகக் குழிந்த ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது ஒளிப்புள்ளி மின்னினால் கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். அப்பாவால் அந்தக் கிண்ணத்துக்குள் சும்மா இருக்க முடியவில்லை. "தலையை ஆட்டாதீங்க பெரியவரே" என்று அந்தப் பெண் ஐந்தாறு தடவை சொல்லிவிட்டார். நாற்பது வருடமாகத் தலையால் பார்த்த ஆள். வெளியே வந்து, "ஆட்டாம எப்படிறா பாக்கறது?" என்றார்.

இரண்டாவது தடவை வந்தபோது அரை நாள் மிச்சமிருந்தது. ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கூட்டிப்போனேன். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே நிலம் வாங்கி உண்டாக்கிய இடம். பத்திக் பண்ணி விற்று, கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தக் காசில் வாழ்ந்துகொண்டு ஓவியம் வரைந்தார்கள். வளாகத்தில் மரநிழலில் சிற்பங்கள் நிற்கின்றன. மியூசியத்துக்குள்ளும் இருக்கின்றன. அப்பாவுக்குக் காலாற நடக்க நல்ல இடம் என்பதுதான் என் முதல் எண்ணம்.

சோழமண்டலத்துச் சிற்பிகளில் பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் இருவரைப் பற்றியும் எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்கிற ஒரு சங்கதி உண்டு: அவர்களுடைய சிற்பங்கள் முன்பக்கச் சிற்பங்கள். ஜானகிராம் செம்புத் தகட்டை அடித்து, வளைத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்து உருவம் செய்தார். கோயில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்திலிருந்து அந்த வழியைப் பிடித்தார் என்பார்கள். கவசத்துக்கு ஏது பின்பக்கம்? கருவறையில் இருக்கிற சாமியை நாம் முன்னால் நின்று மட்டும்தானே பார்க்கிறோம். பின்னால் போகிற உரிமை அர்ச்சகருக்கும் விளக்குப் புகைக்கும்தான். பணிக்கரின் மகனான நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் வெட்டி, வெல்டிங் வைத்து, தேர்ச்சீலை மாதிரி, திருவாசி மாதிரி விரித்து நிறுத்தினார். ஒரு கண், ஒரு இறக்கை, ஒரு வேல் முனை என்று அடையாளம் தெரிகிற துணுக்குகள் இருக்கும். மொத்தமாக என்ன என்று கேட்டால் சொல்ல வராது.

மேற்கத்தியச் சிற்பத்தில் சுற்றி வந்து பார்ப்பதுதான் மரியாதை. எல்லாப் பக்கமும் பேச வேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் முன்பக்கம் மட்டும் உள்ள சிற்பம் ஒரு படி குறைந்தது என்று நினைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மொழியில் இல்லாத வேற்றுமை உருபைத் தேடி அந்த மொழியைக் குறை சொல்வது போன்றது அது. நம் கண் ஆயிரம் வருடமாகக் கருவறை வாசலில் பழகிய கண். அந்தப் பழக்கத்தையே கச்சாப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள் இவர்கள்.

ஆனால் அப்பா இதெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. தகட்டுச் சிற்பம் ஒன்றின் முன்னால் நின்றார். தலை வழக்கம்போல இடம் வலம் போய்வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு நேராகப் பின்பக்கம் போய்விட்டார். அங்கே தாங்குகம்பி, பற்றவைத்த தழும்பு, சுத்தியல் பட்ட குழிகள். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஏம்ப்பா, முன்னாடி இருந்து பாக்கணும் அதை."

"முன்னாடி என்ன, கேலண்டர்ல இருக்கிற மாதிரி இருக்கு. இங்க பாரு, இங்கதான் அந்த மனுசன் வேலை செஞ்சிருக்காரு."

சிற்பிக்கு இதைக் கேட்டிருந்தால் பிடித்திருக்குமோ இல்லையோ. எனக்குப் பிடித்தது. கொஞ்சம் தள்ளி வந்த பிறகு அவரே சொன்னார்: "ஒண்ணு சொல்லட்டா? இதைச் செஞ்சவரு நல்லவரு. ரெண்டு கண்ணுக்காரனையும் என்னாட்டம் பாக்க வெச்சுட்டாரு." தகடு தட்டை. எதிரே நிற்கிறவனுக்குப் பெரிய ஆழம் ஒன்றும் கிடையாது. அந்தச் சிற்பத்தின் முன்னால் நானும் அவரும் சமம்தான்.

வெளியே தோட்டத்தில் நடுவில் துளையிட்ட ஒரு கருங்கல் நின்றது. அதை அவர் நாலு தடவை சுற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் துளைக்குள் வேறொன்று வந்து போனது: ஒரு மரம், ஒரு சுவர், ஒரு துண்டு வானம், அந்தப் பக்கம் நின்ற நான். "இது அசையுது" என்றார். கல் அசையவில்லை என்று சொல்ல வாயெடுத்துச் சும்மா இருந்துவிட்டேன். அவருடைய கணக்கில் அசைவதுதான் இருக்கிறது. அசையாதது வெகுதூரத்தில் இருக்கிறது, அல்லது படம்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமல்லபுரம் வரை போனோம். கிருஷ்ணன் வெண்ணெய்ப் பந்து என்று சொல்கிற அந்தப் பாறையைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சுமார் ஆறு மீட்டர் உயரம், இருநூற்றைம்பது டன் இருக்கும் என்பார்கள். யாரும் செதுக்கவில்லை, இயற்கை நிறுத்தியது. ஆனால் தமிழ்நாட்டில் அதிகம் பேர் நின்று பார்த்த அரூபச் சிற்பம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன். கீழேயிருந்து பார்த்தால் இந்த நிமிடம் உருண்டுவிடும்போல இருக்கும். சரிவில் ஏறிப் பின்பக்கம் போனால் பந்தே இல்லை, ஒரு பக்கம் சீவிவிட்ட மாதிரி பாதிதான். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஒரே போட்டோவைத்தான் எடுக்கிறார்கள். ஓர் ஆள் பாறையிலிருந்து தள்ளி நின்று கையைத் தூக்க, கேமராக்காரர் இன்னும் தள்ளி நின்று, பாறை அந்தக் கையில் உட்காருகிற மாதிரி குறிபார்ப்பார். கேமராவும் ஒற்றைக் கண்தானே. அப்பா கையைத் தூக்க மறுத்துவிட்டார். "தூக்காததைத் தூக்கினேன்னு எதுக்கு?"

*

தூக்காததைத் தூக்கியதாகக் காட்டுவதும் ஓர் இடத்தில் நின்றால் மட்டும் நடக்கிற வித்தை என்றால், எங்கள் மலைக்கே அப்படி ஒரு கதை இருக்கிறது. செம்மேட்டில் குதிரை மேல் இருக்கிற வல்வில் ஓரியின் சிலையை மலைக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அவன் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இதை வில்லின் பலத்துக்கு உதாரணமாகச் சொல்லித்தருவார்கள். எனக்கு இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. யானையின் உயரத்துக்கும் உடும்பின் உயரத்துக்கும் என்ன சம்பந்தம்? காட்டில் ஆளுக்கொரு திசையில் நின்ற ஐந்து மிருகங்களும் ஒரே கோட்டில் வந்து விழுகிற இடம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் போய் நின்றதுதான் அவன் வித்தை. பலம் அப்புறம்.

இதைச் சிற்பமாகவே செய்திருக்கிறார்கள், தென்னாப்பிரிக்காவில். நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நட்டால் பகுதியில், ஹோவிக் ஊருக்குப் பக்கத்தில், ஒரு நெடுஞ்சாலை ஓரம். 1962 ஆகஸ்ட் 5 அன்று டிரைவர் வேடத்தில் போய்க்கொண்டிருந்த நெல்சன் மண்டேலாவை அங்கேதான் போலீஸ் பிடித்தது. ஐம்பது வருடம் கழித்து, 2012-இல், அந்த இடத்தில் மார்கோ சியான்ஃபனெல்லி என்ற சிற்பி 50 எஃகுத் தூண்களை நட்டார். ஆறரை மீட்டரிலிருந்து ஒன்பதரை மீட்டர் வரை உயரம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் தாறுமாறாக வெட்டிய இரும்புப் பட்டைகள், அவ்வளவுதான். உள்ளே புகுந்து நடந்தாலும் ஒன்றும் புரியாது. சுமார் 35 மீட்டர் தள்ளி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் வந்து நின்றால், ஐம்பது பட்டைகளும் ஒன்றுசேர்ந்து மண்டேலாவின் முகம். இரண்டு எட்டு இடதுபக்கம் வைத்தால் முகம் கலைந்துவிடும்.

படத்தில் முதல் தடவை பார்த்தபோது அசந்துபோனேன். அப்புறம் யோசிக்க யோசிக்க ஒரு சின்ன மனத்தாங்கல். அந்தச் சிற்பம் நம்மிடம், "இங்கே நில்" என்று சொல்லிவிடுகிறது. சரியான இடம் ஒன்றுதான். மீதி எல்லா இடமும் தவறான இடம். இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட சாலைக்கு அது பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வேடம் போட்டுக்கொண்டு போன ஒரு மனுசன் யார் என்று தெரியாமல் கம்பிகளுக்குள் கலைந்து கிடப்பதும், ஓர் இடத்தில் மட்டும் பிடிபடுவதும் அங்கே வெறும் வித்தை இல்லை. போலீஸ் நின்ற இடத்தில் அல்லவா நாம் நிற்கிறோம்.

நேர் எதிரானது 1967-இல் சிகாகோவில் திறந்த பிக்காசோ சிற்பம். பதினைந்து மீட்டர் எஃகு. பிக்காசோ அதற்குப் பெயரும் வைக்கவில்லை, என்ன என்றும் சொல்லவில்லை. பெண் என்றார்கள், நாய் என்றார்கள், குரங்கு என்றார்கள். திட்டினார்கள். அதன் சரிந்த அடித்தளத்தில் குழந்தைகள் அன்றிலிருந்து சறுக்கி விளையாடுகின்றன. என் போனில் அதைப் பார்த்த அப்பா, "ஏர்க்கலப்பையைக் கவுத்து வெச்சிருக்கான்" என்றார். சிகாகோவில் யாரும் அதைச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. கலப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவனுக்குத்தான் கவிழ்த்த கலப்பை தெரியும். இதுவும் நிற்கிற இடம்தான். காலால் நிற்கிற இடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொது இடத்துச் சிற்பத்தில் எனக்கு எப்போதும் உறுத்துகிறது இன்னொரு கதை. ரிச்சர்ட் செர்ரா 1981-இல் நியூயார்க்கில் அரசு அலுவலகங்கள் இருக்கிற ஒரு சதுக்கத்தில் 'டில்டட் ஆர்க்' என்ற சிற்பத்தை வைத்தார். கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் சாய்ந்த ஒரே ஓர் எஃகுச் சுவர். 36 மீட்டருக்கு மேல் நீளம், மூன்றரை மீட்டருக்கு மேல் உயரம். சதுக்கத்தைக் குறுக்கே வெட்டி நின்றது. நடக்க நடக்க அந்த வளைவு மாறும், நடக்கிறவன் தன் நடையையே உணர்வான் என்பது அவர் எண்ணம். படங்களில் பார்க்கும்போது எனக்கும் அந்தச் சாய்வு மேல் ஆசைதான். ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் காலையில் அவசரமாக ஆபீஸுக்குள் நுழைய அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மதியம் உட்கார்ந்து சாப்பிட இருந்த திறந்தவெளி போய்விட்டது. 1985-இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்கள் 180 பேர். 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். கணக்கு அப்படி இருந்தும் எடுப்பதாகவே முடிவு. வழக்குகள் நடந்தன. 1989 மார்ச் 15 ராத்திரி அதை அறுத்து எடுத்துப்போனார்கள். இந்த இடத்துக்காகச் செய்தது, இடத்தை விட்டு எடுத்தால் அது அழிந்தது என்றே அர்த்தம் என்று செர்ரா சொல்லிக்கொண்டே இருந்தார்.

யார் பக்கம் நியாயம்? கலைஞர்கள் பக்கம் சாய்வது எனக்குச் சுலபம். புத்தக அட்டை செய்கிறவன், 'ரசனை இல்லாத ஜனங்கள்' என்று முணுமுணுக்கத் தெரியாமலா இருக்கும். ஆனால் ஒரு தடவை பார்க்க வருகிறவன் நிற்கிற இடமும், முப்பது வருடம் அதே வாசலில் நுழைகிறவன் நிற்கிற இடமும் ஒன்றில்லை. அந்த இரும்பைச் சுற்றி அதிகம் நடந்தவர்கள் அந்தக் குமாஸ்தாக்கள்தான். செர்ரா கேட்ட மாதிரியே, தினமும், எல்லாக் கோணத்திலிருந்தும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இது சுவர் என்றார்கள். அதைப் பார்க்கத் தெரியாதவர்களின் பேச்சு என்று நான் ஒதுக்க மாட்டேன். எடுத்தது சரி என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பெர்ஸ்பெக்டிவ் என்பதற்கு இன்று நாம் கண்ணோட்டம் என்கிறோம். திருக்குறளில் 58-ஆவது அதிகாரத்துக்குப் பெயர் கண்ணோட்டம். அங்கே அதற்கு இரக்கம், தாட்சண்யம் என்று பொருள். அந்த விசாரணையில் இந்த இரண்டாவது அர்த்தம் இரண்டு தரப்பிலும் கொஞ்சம் குறைச்சலாக இருந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

*

இந்தக் கதைகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாள்களில்தான் கொல்லிப்பாவை என் தலைக்குள் திரும்ப வந்தாள். மலையில் பிறந்தவனுக்கு அவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுக்கை அம்மன்தான் கொல்லிப்பாவை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. மலைக்குக் காவல். தப்பான எண்ணத்தோடு வருகிறவனைச் சும்மா விடமாட்டாள். கீழே வழங்குகிற கதை வேறு: அழகான பொம்மை, பக்கத்தில் வருகிறவனைச் சிரித்து மயக்கி உயிரை எடுத்துவிடும், எந்திரம் மாதிரி. ஒரே உருவம், மேலே காவல், கீழே கொலை. சின்ன வயதில் இது இரண்டும் வேறு வேறு ஆள்கள் என்றே வைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கப் பாடல்களில் அவள் எங்கே வருகிறாள் என்று தேடினேன். குறுந்தொகையில் 89, 100. நற்றிணையில் 192, 201. ஒன்றில் அவளைத் தெய்வம் எழுதியது. ஒன்றில் பூதம் செய்தது. இளவெயிலில் தோன்றுகிறாள் என்கிறது ஒரு பாட்டு. காற்று அடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருவம் அழியாதவள் என்கிறது இன்னொன்று. கை எப்படி, முகம் எப்படி, நிற்கிறாளா உட்கார்ந்திருக்கிறாளா என்று இந்த நான்கிலும் ஒரு விவரமும் இல்லை. ஆனால் நான்கிலும் ஒரு சொல் இருக்கிறது: குடவரை. மலையின் மேற்குப் பக்கம். செய்தது யார் என்பதில் ஒத்துப்போகாதவர்கள், எந்தப் பக்கம் என்பதில் மட்டும் ஒருவர் விடாமல் ஒத்துப்போகிறார்கள்.

மேற்குப் பக்கம் என்றால் எங்கள் பக்கம். சோளக்காடு மேற்கு விளிம்பில்தான் இருக்கிறது. நாங்கள் அந்தச் சரிவின் தலைமேல் குடியிருக்கிறோம். தலைமேல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு முகம் எப்படித் தெரியும்? வியூ பாயிண்டில் எவ்வளவு எட்டிக் குனிந்தாலும் காலடியில் இருக்கிற சரிவு தெரியாது. குடவரை என்பது கீழே, மேற்கே, சமவெளியில் நிற்கிறவனுக்கு மட்டும் உள்ள காட்சி. கபிலர் பாட்டில் கொல்லி ஓரியுடையது. பரணரின் குறுந்தொகைப் பாட்டில் சேரன் பொறையனுடையது. நடுவில் நடந்ததை அகநானூறு 209 சொல்கிறது: முள்ளூர்க் காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். சேரநாடு மேற்கே இருக்கிறது. அதாவது பாவையின் அழகைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பதெல்லாம் மேற்கேயிருந்து மலையை அண்ணாந்து பார்த்தவர்களின் பார்வை. இதை நான் ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. மேலே இருந்தவர்கள் பாட்டு எழுதி வைத்திருந்தால் அதில் குடவரை என்ற சொல் வந்திருக்காது என்று மட்டும் நினைக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "மலையைப் புடுங்க வர்றவனுக்கு அவ கொல்றவளாட்டந்தான் தெரிவா" என்றார். பிறகு, "நெசமாவே கீழ இருந்து பாத்தா ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். எத்தனையோ தடவை மலையிறங்கி ஏறியவர். ஆனால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டோ மூட்டையைப் பிடித்துக்கொண்டோ.

மூன்றாவது தடவை சென்னை போய்விட்டுத் திரும்பும்போது, ஓரங்கள் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று சொல்லி மருந்தை மாற்றியிருந்தார்கள். ராத்திரி பஸ்ஸில் வந்து, விடியற்காலையில் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்காமல் காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கிக்கொண்டோம். டீக்கடையில் பாய்லர் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. சூரியன் மலைக்குப் பின்னாலிருந்துதான் வர வேண்டும். அதுவரைக்கும் எங்கள் மலை ஒரே கறுப்பு, ஒரு மேடு பள்ளம் இல்லை, தகரத்தில் வெட்டி நிறுத்திய மாதிரி. இரண்டாவது டீ குடிக்கும்போது முகட்டின் மேல் வெயில் விளிம்பு கட்டியது. பிறகு அது சாய்வாக இறங்க இறங்க, சரிவில் ஒவ்வொரு மடிப்பாக எழும்பி வந்தது. பாறை முகங்கள், ஓடைத் தடங்கள், ரோடு வளைகிற இடங்கள். ஓர் இடத்தில் ஒரு நெற்றியும் அதற்குக் கீழே நிழலாக ஒரு மூக்கும் இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. காட்டினேன்.

அப்பா தலையை இடதுபக்கம் கொண்டுபோனார். வலதுபக்கம் கொண்டுவந்தார். மலை அசையவில்லை. அவ்வளவு தூரம்.

"அது மூக்கில்ல. மண்ணு சரிஞ்ச எடம். மேல இருந்து எனக்குத் தெரியும்" என்றார். மறுபடியும் தலையை ஆட்டிப் பார்த்தார். "அந்த நெத்திதான் என்னன்னு தெரியல."

"பாறையா இருக்கும்ப்பா."

"எவ்வளவு தூரம் நடந்தா இது திரும்பும்?"

"சேந்தமங்கலம் வரைக்கும் போகணுமாட்டம் இருக்கு."

"டீக்காசைக் குடுத்துட்டு வா" என்று சொல்லிவிட்டு மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.